ஃப்ரீபிஎஸ்டி போட்டாச்சு, ஆனா ரீஸ்டார்ட் பண்ணா நேரா விண்டோஸ் தான் வருது

கம்பம்_பையன்:
வணக்கம் மக்களே. காலேஜ்ல ஓஎஸ் பேப்பர் படிச்சதுல இருந்து பிஎஸ்டி வகையறா ஒன்ன நிஜ மெஷின்லயே போட்டு பாக்கணும்னு ஆசை, லினக்ஸ் வீட்டு டெஸ்க்டாப்ல ஏற்கனவே ஓடுது, அதனால இந்த தடவ ஃப்ரீபிஎஸ்டி 14 (யூனிக்ஸ் வழி வந்த இலவச ஓஎஸ்). லேப்டாப் இன்டெல் 11-ம் தலைமுறை, 512 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, கடையில வாங்கும்போதே விண்டோஸ் 11 இருந்துச்சு. விண்டோஸ்ல டிஸ்க் மேனேஜ்மென்ட் போயி சி டிரைவ சுருக்கி 120 ஜிபி காலியா விட்டேன், மெம்ஸ்டிக் இமேஜ ரூஃபஸ்ல டிடி மோட்ல யூஎஸ்பில எழுதினேன், செக்யூர் பூட் (கையெழுத்து இல்லாத பூட் ஃபைல தடுக்குறது) ஆஃப். இன்ஸ்டாலர்ல மேனுவல் பார்டிஷன் எடுத்து காலி இடத்துல யூஎஃப்எஸ் (ஃப்ரீபிஎஸ்டியோட ஃபைல்சிஸ்டம்) ஒன்னு ஸ்வாப் ஒன்னு போட்டேன், எல்லாம் நல்லபடியா முடிஞ்சு பாஸ்வேர்ட் யூசர் எல்லாம் கேட்டு ரீபூட் பண்ண சொல்லுச்சு. பண்ணா விண்டோஸ் வருது. எஃப்12 மெனுல போனா "விண்டோஸ் பூட் மேனேஜர்" ஒன்னு மட்டும் தான் இருக்கு, ஃப்ரீபிஎஸ்டி பேரே இல்ல. ஒரு பழைய வீடியோல லெகசி மோட் (பழைய பயாஸ் முறை) ஆன் பண்ண சொல்றாங்க, என் பயாஸ்ல அப்படி ஒரு ஆப்ஷனே காணோம். திரும்ப இன்ஸ்டால் பண்ணணுமா?

பழைய_டெர்மினல்:
திரும்ப இன்ஸ்டால் பண்ணாதீங்க, ஒன்னும் கெடல. லெகசி பக்கமும் போகாதீங்க, 2020-க்குள்ள அத கைவிடப் போறதா இன்டெல் 2017-லயே சொல்லியாச்சு, உங்க மெஷின்ல இல்லாதது ஆச்சரியமே இல்ல. அந்த ஆப்ஷன் இருந்தாலும் ஜிபிடி (புது வகை பார்டிஷன் டேபிள்) டிஸ்க்ல யூஇஎஃப்ஐல (பயாஸோட புது வாரிசு) இன்ஸ்டால் ஆன விண்டோஸ் லெகசில எழுந்திருக்காது, அப்புறம் ரெண்டும் போச்சு.

யூஎஸ்பில பூட் பண்ணி "லைவ் சிஸ்டம்" எடுத்து மூணு அவுட்புட் போடுங்க: சிஸ்சிடிஎல்ல மெஷ்டெப் டாட் பூட்மெத்தட், அப்புறம் ஜிபார்ட் ஷோ, அப்புறம் இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் (ஆமா, கடைசில எம்ஜிஆர் தான், சிரிச்சு முடிச்சுட்டு வாங்க) மைனஸ் வி போட்டு.

கம்பம்_பையன்:
ஃபோட்டோ எடுத்து பாத்து டைப் பண்றேன் அண்ணா, காப்பி பண்ண வழியில்ல.

பூட்மெத்தட்: யூஇஎஃப்ஐ.

ஜிபார்ட் ஷோல என்டிஏ0 கீழ: 1 இஎஃப்ஐ 100 எம்பி, 2 எம்எஸ்-ரிசர்வ்ட் 16 எம்பி, 3 எம்எஸ்-பேசிக்-டேட்டா (இது சி டிரைவ்), அப்புறம் 5 ஃப்ரீபிஎஸ்டி-யூஎஃப்எஸ், 6 ஃப்ரீபிஎஸ்டி-ஸ்வாப், அதுக்கும் கீழ 4 எம்எஸ்-ரிகவரி. நம்பர் வரிசையா இல்லாதது பிரச்சனையா?

எம்ஜிஆர் சொல்றது: பூட்ஆர்டர் 0001, 2001, 2002. அதுல 0001 விண்டோஸ் பூட் மேனேஜர், மத்த ரெண்டும் யூஎஸ்பி, சிடி மாதிரி ஏதோ.

பழைய_டெர்மினல்:
நம்பர் வரிசை பிரச்சனை இல்ல. ரிகவரி பார்டிஷன் டிஸ்க்கோட கடைசில உட்கார்ந்திருக்கு, நீங்க சுருக்கின இடம் அதுக்கு முன்னாடி, ஜிபிடி டேபிள்ல காலியா இருந்த அடுத்த நம்பர் 5, அவ்ளோதான். 128 வரைக்கும் இடம் இருக்கு.

விஷயம் என்னன்னா ஃப்ரீபிஎஸ்டி டிஸ்க்ல முழுசா இருக்கு, ஆனா அது இருக்குன்னு ஃபர்ம்வேருக்கு (மதர்போர்டுலயே இருந்து மெஷின எழுப்புற ப்ரோகிராம்) யாரும் சொல்லல. பழைய பயாஸ் காலத்துல டிஸ்க்கோட மொத செக்டார், 512 பைட், அதுல 446 பைட் கோட, எது இருக்கோ அத கண்ண மூடிட்டு ஓட்டும், அதனால கடைசியா யாரு எழுதினாங்களோ அவங்க ராஜ்ஜியம். யூஇஎஃப்ஐ அப்படி இல்ல. அதுக்கு ஃபேட் ஃபைல்சிஸ்டம் படிக்க தெரியும், மதர்போர்டுல இருக்குற என்விராம்ல (கரன்ட் போனாலும் மறக்காத மெமரி) "பூட்0001 னா இந்த பார்டிஷன்ல இந்த ஃபைல்" னு பட்டியல் வச்சிருக்கும், பூட்ஆர்டர்ல இருக்குற வரிசைப்படி அந்த ஃபைல எடுத்து ஓட்டும். உங்க 5-வது பார்டிஷன்ல இருக்குற யூஎஃப்எஸ்ஸ அது படிக்கவே படிக்காது. அதுக்காக லோடர் டாட் இஎஃப்ஐனு ஒரு ஃபைல் 1-வது பார்டிஷன்ல, அந்த 100 எம்பி ஃபேட்ல இருக்கணும், அந்த லோடருக்குத் தான் யூஎஃப்எஸ்ஸும் இசட்எஃப்எஸ்ஸும் (ஃப்ரீபிஎஸ்டில இருக்குற இன்னொரு ஃபைல்சிஸ்டம்) படிக்க தெரியும், அது போயி கர்னல தூக்கிட்டு வரும். மேனுவல்ல பண்ணும்போது பழைய இஎஃப்ஐ பார்டிஷனுக்கு ஸ்லாஷ் பூட் ஸ்லாஷ் இஎஃப்ஐனு மவுண்ட் பாயின்ட் குடுத்திருந்தா இன்ஸ்டாலர் அங்க கொண்டு போயி வச்சிருக்கும், உங்க லிஸ்ட்ட பாத்தா அது நடக்கல.

சரி, இப்ப அதே லைவ்லயே:

முதல்ல என்டிஏ0பி5-வ ஸ்லாஷ் எம்என்டில மவுண்ட் பண்ணுங்க. அப்புறம் ஸ்லாஷ் டெம்ப்ல இஎஸ்பினு (இஎஃப்ஐ சிஸ்டம் பார்டிஷன், அந்த 100 எம்பியோட சுருக்கப் பேரு) ஒரு டைரக்டரி போட்டு (டெம்ப்ல லைவ்ல எழுத விடும், மத்த பெரும்பாலான இடத்துல எம்கேடிர் அடிச்சா ரீட் ஒன்லினு திட்டும்) அதுல என்டிஏ0பி1-வ மவுண்ட் மைனஸ் டி எம்எஸ்டாஸ்எஃப்எஸ் போட்டு மவுண்ட் பண்ணுங்க. எல்எஸ் அடிச்சா இஎஃப்ஐ ஃபோல்டருக்குள்ள மைக்ரோசாஃப்ட், பூட்னு ரெண்டு இருக்கும், அது ரெண்டையும் தொடாதீங்க. பக்கத்துல ஃப்ரீபிஎஸ்டினு புது ஃபோல்டர் போட்டு, எம்என்டி ஸ்லாஷ் பூட்ல இருக்குற லோடர் டாட் இஎஃப்ஐய அதுக்குள்ள காப்பி பண்ணுங்க. ஃபைல் சின்னது தான், 100 எம்பிக்கு கவலைப்பட வேணாம்.

கடைசியா இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் மைனஸ் சி, மைனஸ் ஏ, மைனஸ் பெரிய எல் போட்டு பேரு, மைனஸ் சின்ன எல் போட்டு நீங்க காப்பி பண்ண ஃபைலோட முழு பாதை. இங்க ஒன்னு கவனிங்க, நெட்ல கிடைக்குறதெல்லாம் லினக்ஸோட கமாண்ட், அதுல மைனஸ் டி டிஸ்க், மைனஸ் பி பார்டிஷன்னு தனித்தனியா கேக்கும், பாதைய பேக்ஸ்லாஷ்ல எழுதணும். ஃப்ரீபிஎஸ்டில பேரு ஒன்னு தானே தவிர ஆப்ஷன் வேற, மவுண்ட் ஆன பாதைய அப்படியே குடுத்தா அதுவே பார்டிஷன கண்டுபிடிச்சுக்கும். முடிஞ்சதும் திரும்ப மைனஸ் வி போட்டு புது என்ட்ரி பூட்ஆர்டர்ல முன்னாடி இருக்கான்னு பாருங்க, இல்லன்னா மைனஸ் ஓ போட்டு வரிசைய மாத்துங்க.

ரூட்_ராசா:
தம்பி இதெல்லாம் தொடுறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ஆன்ல இருக்கான்னு பாத்தியா? இப்ப வர்ற லேப்டாப்ல கேக்காமயே ஆன் ஆகி வருது, செட்டிங்ஸ்ல "டிவைஸ் என்க்ரிப்ஷன்"னு இருக்கும். செக்யூர் பூட்ட ஆஃப் பண்ணாலோ பூட் ஃபைல மாத்தினாலோ அடுத்த தடவ விண்டோஸ் 48 இலக்க ரிகவரி கீ கேட்டு நிக்கும், அது உன் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருக்கும், ஆனா அத பாக்க வேற மெஷின் வேணும். கீய ஒரு பேப்பர்ல எழுதி வச்சுட்டு பிட்லாக்கர சஸ்பெண்ட் பண்ணு, அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் ஆஃப் பண்ணு, அது ஆன்ல இருந்தா ஷட்டவுன் பண்ணாலும் விண்டோஸ் அரைத்தூக்கத்துல தான் இருக்கும்.

என் சொந்த கருத்து கேட்டா ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓஎஸ் வேணவே வேணாம். விர்ச்சுவல் மெஷின்ல போட்டு பழகு, இல்ல ரெண்டாவது எம்2 ஸ்லாட் இருந்தா தனி எஸ்எஸ்டி போடு. படிக்கிற பையன், ப்ராஜெக்ட் எல்லாம் அந்த விண்டோஸ்ல தான் இருக்கும்.

கம்பம்_பையன்:
ராசா அண்ணா கீ எழுதியாச்சு, நன்றி. என் லேப்டாப்ல ஒரே ஸ்லாட் தான். விஎம்ல ஏற்கனவே ஓட்டிட்டேன், அதுல என்ன வன்பொருள் தெரியப்போகுது, எல்லாமே பொய் கார்டு பொய் டிஸ்க்.

டெர்மினல் அண்ணா, நீங்க சொன்ன மாதிரியே பண்ணேன், 0000-னு புது என்ட்ரி வந்துச்சு, ரீபூட் பண்ணதும் ஃப்ரீபிஎஸ்டி மெனு, கர்னல் மெசேஜ் எல்லாம் ஓடி லாகின் வந்துருச்சு!! ஆனா சந்தோஷம் நிக்கல. ஷட்டவுன் பண்ணி திரும்ப ஆன் பண்ணா மறுபடி விண்டோஸ். லைவ்ல போயி பாத்தா 0000 என்ட்ரியே காணோம், யாரோ அழிச்ச மாதிரி. இஎஸ்பில ஃபைல் அப்படியே இருக்கு. திரும்ப என்ட்ரி போட்டா திரும்ப ஒரு தடவ வருது, அப்புறம் காணாம போகுது. விண்டோஸ் தான் அழிக்குதா?

நாலாவது_கோர்:
விண்டோஸ் மேல பழி போடாதீங்க, விண்டோஸ் அப்டேட் சில சமயம் வரிசைய மாத்தி தன்ன முன்னாடி வச்சுக்கும், ஆனா மத்தவங்க என்ட்ரிய மொத்தமா அழிக்கிறது ஃபர்ம்வேர் வேலை. சில லேப்டாப் ஃபர்ம்வேர் ஒவ்வொரு தடவ ஆன் ஆகும்போதும் தனக்கு தெரிஞ்ச பாதைகள மட்டும் தேடி பட்டியல புதுசா எழுதும், அதுக்கு தெரிஞ்சது ரெண்டே ரெண்டு: மைக்ரோசாஃப்ட் ஃபோல்டருக்குள்ள இருக்குற பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ (விண்டோஸோட லோடர்), அப்புறம் பூட் ஃபோல்டருக்குள்ள இருக்குற பூட்எக்ஸ்64. இந்த ரெண்டாவது யூஇஎஃப்ஐ விதியிலயே இருக்கு, என்ட்ரியே இல்லாத யூஎஸ்பி எப்படி பூட் ஆகுதுன்னா இந்த பாதையால தான். நீங்க போட்ட என்ட்ரி விதிப்படி சரி, ஆனா விதிய மதிக்காத ஃபர்ம்வேர்கிட்ட விதிய பேசி என்ன புண்ணியம்.

முதல்ல பயாஸ்ல செக்யூரிட்டி பக்கத்துல "ஒரு யூஇஎஃப்ஐ ஃபைல நம்பிக்கையானதா தேர்ந்தெடு" ங்கிற மாதிரி ஒரு வரி இருக்கான்னு பாருங்க. சில மாடல்ல சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் வச்சா தான் அது உயிரோட வரும், அதுவரைக்கும் சாம்பல் கலர்ல செத்து கிடக்கும். அது இருந்தா அதுல ஃப்ரீபிஎஸ்டி லோடர காட்டிட்டா வேலை முடிஞ்சது.

இல்லன்னா விண்டோஸோட என்ட்ரியவே கடன் வாங்கணும். ரீஃபைண்ட்னு ஒரு பூட் மேனேஜர் இருக்கு, ஜிப்பா இறக்குங்க. விண்டோஸ்ல கமாண்ட் ப்ராம்ட்ட அட்மினா திறந்து மவுண்ட்வால் எஸ் கோலன் ஸ்லாஷ் எஸ் அடிச்சா இஎஸ்பி எஸ் டிரைவா வரும் (எக்ஸ்ப்ளோரர்ல திறந்தா பர்மிஷன் இல்லம்பான், கமாண்ட்லயே போங்க). ஜிப்ல இருக்குற ரீஃபைண்ட் ஃபோல்டர எக்ஸ்காப்பில எஸ் டிரைவோட இஎஃப்ஐக்குள்ள போடுங்க, உள்ள இருக்குற கான்ஃப்-சாம்பிள் ஃபைல ரீஃபைண்ட் டாட் கான்ஃப்னு பேரு மாத்துங்க. அப்புறம் பிசிடிஎடிட் ஸ்லாஷ் செட், நெளிவு பிராக்கெட்டுக்குள்ள பூட்எம்ஜிஆர், பாத், அதுக்கு அப்புறம் ரீஃபைண்ட்_எக்ஸ்64 டாட் இஎஃப்ஐயோட பாதை. பவர்ஷெல்ல அடிச்சீங்கன்னா அந்த நெளிவு பிராக்கெட்ட மேற்கோள் குறிக்குள்ள போடணும், இல்லன்னா ஏதோ புரியாத எர்ரர் வரும், இங்க பாதி பேரு அதுல தான் மாட்டிக்கிறாங்க.

இப்ப ஃபர்ம்வேர் கண்ணுக்கு அதே "விண்டோஸ் பூட் மேனேஜர்" தான், பெரும்பாலும் அழிக்காது, ஆனா அது காட்டுற ஃபைல் ரீஃபைண்ட். அது இஎஸ்பில இருக்குற எல்லா லோடரையும் அதுவே தேடி ஐகானா காட்டும், ஃப்ரீபிஎஸ்டிக்குன்னு எதுவும் எழுத வேணாம். பழையபடி வேணும்னா அதே கமாண்ட்ல பாதைய மைக்ரோசாஃப்ட் ஃபோல்டர்ல இருக்குற பூட்எம்ஜிஎஃப்டபிள்யூக்கு திருப்பிடுங்க.

பூட்எம்ஜிஎஃப்டபிள்யூ ஃபைலயே பேரு மாத்தி அந்த இடத்துல வேற லோடர வைக்கிற வழியும் நெட்ல சொல்லுவாங்க. அத கடைசி கடைசியா வைங்க, அடுத்த பெரிய விண்டோஸ் அப்டேட் வந்து அந்த ஃபைல எழுதிட்டு போயிடும்.

ரூட்_ராசா:
இதுக்குத்தான் சொன்னேன் விஎம்ல போடுன்னு 🙂

ஒன்னு கேட்டுக்கோ தம்பி, செக்யூர் பூட் ஆஃப்லயே இருக்கணும் இதுக்கு. பெரிய லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கெல்லாம் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து போட்ட ஷிம்னு ஒரு குட்டி லோடர் இருக்கு, ஃப்ரீபிஎஸ்டிக்கு அப்படி ஒன்னு கூட வர்றதில்ல. விண்டோஸ் 11 அது ஆஃப்ல இருந்தாலும் ஓடும், ஆனா வேலரண்ட் மாதிரி கேம் ஓடாது, அதோட ஆன்டிசீட் விண்டோஸ் 11-ல செக்யூர் பூட் கட்டாயம் கேக்கும். வீட்ல தம்பி தங்கச்சி யாராவது அதே லேப்டாப்ல விளையாடுறாங்கன்னா முதல்லயே சொல்லி வச்சுரு.

மழைக்காலம்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கவும், இதே மாதிரி தான் எனக்கும், ஆனா நான் உபுண்டு போட பாக்குறேன், இன்ஸ்டாலர்ல டிஸ்க்கே தெரியல. யூஎஸ்பி மட்டும் காட்டுது. ஆர்எஸ்டி ஆன்ல இருக்கு ஆஃப் பண்ணுன்னு சொல்லுது, ஆஃப் பண்ணா விண்டோஸ் நீலத்திரைல சாகுது. என்ன பண்றது?

நாலாவது_கோர்:
தனி திரி போட்டிருக்கலாம், பரவால்ல. இன்டெல் மெஷின்ல என்விஎம்இய ஆர்எஸ்டி இல்ல விஎம்டினு ஒரு திரைக்கு பின்னாடி ஒளிச்சு வச்சிருப்பாங்க. விண்டோஸ் பூட் ஆகும்போது அந்த டிரைவர மட்டும் எழுப்பி பழகினது, திடீர்னு ஏஹெச்சிஐ (அந்த திரை இல்லாத சாதாரண முறை) ஆக்கினா டிஸ்க்க காணோம்னு விழுந்துரும். சேஃப் மோட்ல வந்தா எல்லா அடிப்படை டிரைவரையும் எழுப்பும், அத பயன்படுத்திக்கணும்.

அட்மின் கமாண்ட் ப்ராம்ட்ல பிசிடிஎடிட் ஸ்லாஷ் செட் கரன்ட் (நெளிவு பிராக்கெட்ல) சேஃப்பூட் மினிமல். ரீஸ்டார்ட் பண்ணி விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி நேரா பயாஸ் போயி ஏஹெச்சிஐக்கு மாத்தி சேவ். விண்டோஸ் சேஃப் மோட்ல வரும், உள்ள போயி பிசிடிஎடிட் ஸ்லாஷ் டெலிட்வேல்யூ கரன்ட் சேஃப்பூட் அடிச்சு ரீஸ்டார்ட். சேஃப் மோட்ல பின் நம்பர் வேலை செய்யாம போகலாம், அக்கவுன்ட்டோட முழு பாஸ்வேர்ட் ஞாபகம் இருக்கான்னு முன்னாடியே பாத்துக்கோங்க. பிட்லாக்கர் பத்தி மேல ராசா சொன்னது உங்களுக்கும் தான்.

மழைக்காலம்:
வேலை செஞ்சது அண்ணே!! டிஸ்க் தெரியுது. பின் விஷயம் சொன்னது நல்லதா போச்சு.

கம்பம்_பையன்:
ரீஃபைண்ட் வந்துருச்சு! என் பயாஸ்ல அந்த நம்பிக்கை வரி இல்ல, அதனால பிசிடிஎடிட் வழி தான். ஆன் பண்ணா ரெண்டு ஐகான், ஒன்னு விண்டோஸ் ஒன்னு ஃப்ரீபிஎஸ்டியோட பிசாசு பொம்மை, பவர் பட்டன அழுத்தி பிடிச்சு முழுசா ஆஃப் பண்ணி பாத்தேன், நிக்குது. அம்மா பாத்துட்டு கம்ப்யூட்டர்ல என்னடா கொம்பு வச்ச பொம்மைங்குறாங்க.

ரெண்டு சின்ன சந்தேகம். வைஃபை இன்னும் செட் ஆகல, பேக்கேஜ் இறக்க நெட் வேணும், லேப்டாப்ல ஈதர்நெட் ஓட்டையே இல்ல. அப்புறம் ஃப்ரீபிஎஸ்டில இருந்து விண்டோஸ் போனா மணி அஞ்சரை மணி நேரம் தள்ளி காட்டுது.

பழைய_டெர்மினல்:
நெட்டுக்கு ஆண்ட்ராய்டு ஃபோன யூஎஸ்பில சொருகி யூஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணுங்க. கேஎல்டிலோட் இஃப்_யூஆர்என்டிஐஎஸ், ஐஎஃப்கான்ஃபிக்ல யூஇ0 வந்துரும், டிஹெச்கிளையன்ட் யூஇ0. அத வச்சு டிஆர்எம்-கேமோட் இறக்கி ஆர்சி டாட் கான்ஃப்ல கேஎல்டி_லிஸ்ட்ல ஐ915கேஎம்எஸ் போட்டுட்டீங்கன்னா கிராஃபிக்ஸும் சரியாகும், இப்ப ஃபர்ம்வேர் குடுத்த வெறும் ஃப்ரேம்பஃபர்ல தான் ஓடிட்டிருக்கும். இன்டெல் வைஃபைக்கு ஐடபிள்யூஎல்வைஃபை டிரைவர் 14-லயே இருக்கு, எந்த சிப்னு பிசிஐகான்ஃப் மைனஸ் எல்வி அவுட்புட் போட்டு தனி திரி ஆரம்பிங்க, இங்க ஏற்கனவே நீண்டுருச்சு.

மணி: விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல உள்ளூர் நேரத்த வைக்கும், ஃப்ரீபிஎஸ்டி அத யூடிசினு (உலக பொது நேரம்) எடுத்துக்கிது, நம்ம அஞ்சரை மணி வித்தியாசம் அதான். ரூட்டா டச் ஸ்லாஷ் இடிசி ஸ்லாஷ் வால்_சிமாஸ்_கிளாக் அடிங்க, வெறும் ஃபைல் தான், உள்ள எதுவும் எழுத வேணாம், அது இருந்தாலே கடிகாரம் உள்ளூர் நேரம்னு புரிஞ்சுக்கும். ரீபூட் பண்ணிட்டு தேதிய ஒரு தடவ சரி பண்ணுங்க.

இன்னொன்னு, இத இப்பவே எங்கயாவது எழுதி வைங்க. ஃப்ரீபிஎஸ்டி-அப்டேட் ஓட்டும்போது ஸ்லாஷ் பூட்ல இருக்குற லோடர் புதுசாகும், இஎஸ்பில நீங்க கையால வச்ச காப்பி அப்படியே பழசா தான் கிடக்கும். நீங்க யூஎஃப்எஸ், பெருசா அடி படாது, ஆனா அடுத்த பெரிய வெர்ஷனுக்கு போகும்போது அதையும் திரும்ப காப்பி பண்ணிடுங்க. இசட்எஃப்எஸ் போட்டு இத படிக்கிறவங்க இருந்தா: இசட்பூல் அப்கிரேட் (பூல்னா இசட்எஃப்எஸ்ஸோட டிஸ்க் தொகுப்பு) அடிக்கிறதுக்கு முன்னாடி இஎஸ்பி லோடர மாத்துங்க. பூல் புது ஃபீச்சருக்கு போயிட்டு லோடர் பழசா இருந்தா அதால பூல படிக்க முடியாது, பூட் ஆகாது, பூல் அப்கிரேட்ட திருப்பி எடுக்கவும் வழி கிடையாது. அப்புறம் இன்ஸ்டாலர்ல "ஆட்டோ இசட்எஃப்எஸ்" எடுத்தா முழு டிஸ்க்கையும் எடுத்துக்கும், விண்டோஸ் பக்கத்துல வச்சுக்கிட்டு அத தொடவே கூடாது.

கம்பம்_பையன்:
டெதரிங்ல யூஇ0 வந்துருச்சு, பேக்கேஜ் இறங்கிட்டிருக்கு. மணியும் சரியாயிருச்சு. வைஃபைக்கு தனி திரி போடுறேன் அண்ணா.

ரூட்_ராசா:
பிட்லாக்கர திரும்ப ஆன் பண்ணிட்டு கீய கேக்குதான்னு ஒரு தடவ விண்டோஸ்க்கு போயிட்டு வா, ரீஃபைண்ட் வழியா போறதால கேக்கலாம். கேட்டா அந்த பேப்பர்ல இருக்குறத போடு. பேப்பர லேப்டாப் பைக்குள்ளயே வைக்காத.